மோசே: இரு பேரரசுகளுக்கு நடுவே ஓர் அடைக்கல ஊர்

வட அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், இன்றைய ஃபுளோரிடா மாநிலத்துச் செயின்ட் அகஸ்டின் நகருக்கு இரண்டு மைல் வடக்கே, உப்பங்கழிகளும் சதுப்புப் புற்களும் சூழ்ந்த தாழ்நிலத்தில், ஸ்பானிய ஆளுநர் மனுவேல் தே மொந்தியானோ 1738ஆம் ஆண்டில் ஒரு சிற்றூரை நிறுவினார். கிராசியா ரியால் தே சாந்தா தெரேசா தே மோசே என்பது அரசு ஆவணங்களில் அதற்கு இடப்பட்ட முழுப்பெயர். மோசே என்பது அந்த இடத்திற்குப் பூர்வகுடிகளிடையே ஏற்கெனவே வழங்கிய பெயர். வடக்கே ஆங்கிலேயர் ஆண்ட கரோலைனாவின் தோட்டங்களிலிருந்து தப்பி வந்த ஆப்பிரிக்கர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் அங்குக் குடியமர்த்தப்பட்டனர். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலப்பரப்பில், அரசின் சட்டபூர்வ ஒப்புதலோடு அமைந்த சுதந்திரக் கறுப்பின மக்களின் முதல் ஊராக வரலாற்றாசிரியர்கள் மோசேயைக் கருதுகின்றனர்.

நூறு பேர் அளவிலான மக்களும் ஒரு மண்கோட்டையும் மட்டுமே கொண்டிருந்த இந்த ஊருக்காக இரு பேரரசுகள் தூது அனுப்பின, சட்டம் இயற்றின, இறுதியில் போரும் புரிந்தன. தப்பி வருவோருக்கு ஸ்பெயின் விடுதலை அளித்ததற்குச் சமயக் காரணம் சொல்லப்பட்டது. ஆனால் அந்த அடைக்கலம் எப்போது விரிந்தது, எப்போது சுருங்கியது என்பதை ஆண்டுவாரியாகப் பின்தொடரும்போது, எல்லைப் பூசலின் ஏற்ற இறக்கமே அதை நடத்தியது என்பது தெளிவாகிறது. அதே வேளையில், அரசர் கையெழுத்திட்ட வாக்குறுதியை வெறும் காகிதமாக விடாமல், மனு மேல் மனு எழுதி அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் தப்பி வந்தவர்களே என்பதும் அதே ஆவணங்களிலிருந்து புலப்படுகிறது.

எல்லை உருவான விதம்

செயின்ட் அகஸ்டின் நகரை 1565இல் பெத்ரோ மெனெண்டெஸ் தே அவிலேஸ் என்ற ஸ்பானியத் தளபதி நிறுவினார். மெக்சிகோவிலிருந்து வெள்ளி ஏற்றிச் செல்லும் கப்பல்கள் ஐரோப்பாவுக்குத் திரும்பும் கடல்வழி அந்தக் கரையை ஒட்டியே சென்றதால், அதைக் காப்பதே அந்நகரின் தலையாய பணியாக இருந்தது. விளைச்சலும் வணிகமும் குறைந்த அந்த நகரம் மெக்சிகோவின் கருவூலத்திலிருந்து ஆண்டுதோறும் வரவேண்டிய மானியத்தை நம்பியே பிழைத்தது. அம்மானியமோ காலந்தாழ்ந்தும் குறைந்துமே வந்து சேர்ந்தது. படைவீரர்களுக்கும் கட்டுமான ஆட்களுக்கும் அங்கு எப்போதும் பற்றாக்குறை நிலவியது.

ஆங்கிலேயர் 1670இல் சார்லஸ் டவுன் என்ற குடியேற்றத்தை, அதாவது இன்றைய சார்ல்ஸ்டன் நகரை, செயின்ட் அகஸ்டினுக்கு வடக்கே 350 கிலோமீட்டர் தொலைவில் அமைத்தபோது இந்நிலை மேலும் இக்கட்டானது. அக்கரை முழுவதையும் ஸ்பெயின் தன்னுடையதாகவே கருதி வந்திருந்தது. அதே ஆண்டில் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கை, அமெரிக்காவில் ஆங்கிலேயர் அப்போது கைவசம் வைத்திருந்த இடங்களை அவர்களுக்கே உரியவை என ஏற்றுக்கொண்டது. ஆயினும் இரு குடியேற்றங்களுக்கும் இடைப்பட்ட நிலத்தில், பின்னாளில் ஜார்ஜியா ஆன அந்தப் பரப்பில், எல்லைக்கோடு எங்கே செல்கிறது என்பது பல பத்தாண்டுகள் தீராத வழக்காகவே நீடித்தது. 1668இல் ராபர்ட் சேர்ல் என்ற ஆங்கிலக் கடற்கொள்ளையர் செயின்ட் அகஸ்டினைச் சூறையாடியிருந்தார். அந்த அனுபவத்தின் பேரில் ஸ்பானியர்கள் 1672இல் காஸ்டில்லோ தே சான் மார்கோஸ் என்ற கற்கோட்டையைக் கட்டத் தொடங்கினர். கிளிஞ்சல் ஓடுகள் காலப்போக்கில் இறுகி உருவான கொக்கினா என்ற பாறையை அருகிலிருந்த தீவொன்றிலிருந்து வெட்டியெடுத்து அதைக் கட்டினார்கள்.

வடக்கே கரோலைனாவின் பொருளாதாரம் நெல்லை நம்பி வளர்ந்தது. ஆற்று முகத்துவாரச் சதுப்புகளைத் திருத்தி, வரப்பு கட்டி, மடை அமைத்து நெல் பயிரிடும் வேலைக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மக்கள் விலைக்கு வாங்கப்பட்டுக் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பலர் தம் தாயகத்திலேயே நெல் விளைவித்துப் பழகியவர்கள். 1708ஆம் ஆண்டளவில் அக்குடியேற்றத்தில் கறுப்பின மக்களின் எண்ணிக்கை வெள்ளையரின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது. தோட்ட முதலாளிகளின் செல்வம் எவ்வளவு பெருகியதோ அவ்வளவு அவர்களுடைய அச்சமும் பெருகியது. தெற்கே, கழிகளின் வழியாகப் படகில் சென்றடையக்கூடிய தொலைவில், அவர்களுடைய அடிமைகளை விடுவிக்கக்கூடிய ஒரு பகை அரசு இருந்தது.

முதல் படகும் முதல் ஆணையும்

1687ஆம் ஆண்டில் எட்டு ஆண்கள், இரண்டு பெண்கள், பால் குடிக்கும் ஒரு குழந்தை ஆகியோர் கரோலைனாவிலிருந்து ஒரு படகில் தப்பி வந்து செயின்ட் அகஸ்டினில் கரையேறினர். தமக்குத் திருமுழுக்கு அளிக்குமாறு அவர்கள் கேட்டுக்கொண்டதாக ஆளுநர் தியேகோ தே கிரோகா மாட்ரிட்டுக்கு எழுதினார். ஆண்களில் பெரும்பாலோர் கோட்டைக் கட்டுமானத்திலும் இருவர் கொல்லுப்பட்டறையிலும் சேர்க்கப்பட்டனர். பெண்கள் ஆளுநரின் வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டனர். அனைவருக்கும் கூலி வழங்கப்பட்டது. மறு ஆண்டில் அவர்களைத் திரும்பப் பெறும்பொருட்டுக் கரோலைனாவின் தூதராக வில்லியம் டன்லப் வந்து சேர்ந்தபோது, அவர்கள் கிறித்தவராகிவிட்டனர் என்றும், சிலர் அங்கேயே மணமும் முடித்துவிட்டனர் என்றும் கூறி ஒப்படைக்க மறுத்த ஆளுநர், அவர்களுக்கு ஈடாக விலை கொடுக்க மட்டும் இசைந்தார்.

இந்தப் பதிலில் புதுமை ஏதுமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கஸ்தீலிய அரசர் பத்தாம் அல்போன்சோவின் காலத்தில் தொகுக்கப்பட்ட சியெத்தே பார்த்திதாஸ் என்ற சட்டத்தொகுதி, அடிமைநிலையை இயற்கைக்கு மாறானதாகக் கருதியதோடு, அடிமைகள் வழக்குத் தொடுக்கவும், பொருள் சேர்க்கவும், தம்மைத் தாமே விலை கொடுத்து மீட்டுக்கொள்ளவும் இடமளித்தது. கரீபியக் கடலில் டேனியருடைய தீவுகளிலிருந்தும் ஆங்கிலேயருடைய தீவுகளிலிருந்தும் தப்பி வந்தோரை ஸ்பெயினின் ஆட்சிக்குட்பட்ட புவெர்த்தோ ரிக்கோ முன்னரே ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அதே ஸ்பானியப் பேரரசு தன் குடியேற்றங்கள் அனைத்திலும் அடிமைகளை வைத்து வேலை வாங்கியது என்பதையும், செயின்ட் அகஸ்டின் நகரிலேயே ஸ்பானிய வீடுகளில் அடிமைகள் இருந்தனர் என்பதையும், அவர்களுக்கு இந்த அடைக்கலம் பொருந்தவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. பகை நாட்டிலிருந்து ஓடி வந்து, கத்தோலிக்க சமயத்தைத் தழுவ விரும்புவோருக்கு மட்டுமே கதவு திறந்திருந்தது.

கிரோகா கேட்ட விளக்கத்திற்கு விடையாக, 1693 நவம்பர் 7ஆம் நாள் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஓர் அரசாணையைப் பிறப்பித்தார். தப்பி வந்த ஆண், பெண் அனைவருக்கும் விடுதலை வழங்குவதாகவும், அவர்களைப் பார்த்தும் மன்னரின் கொடையை அறிந்தும் மற்றவர்களும் அவ்வாறே செய்யட்டும் என்றும் அந்த ஆணை கூறியது. ஆணையின் உயிர்நாடி அதன் பின்பகுதியில்தான் இருந்தது. தப்பி வரும் ஒவ்வொருவரும் கரோலைனாவின் உழைப்பிலிருந்து ஒரு கை கழிவதையும், செயின்ட் அகஸ்டினின் காவலுக்கு ஒரு கை கூடுவதையும் குறித்தனர். ஒரு காசும் செலவிடாமல் எதிரியின் தோட்டங்களைக் கலங்கடிக்கும் வழி மன்னருக்குக் கிடைத்திருந்தது.

வாக்குறுதிக்கும் நடப்புக்கும் நடுவே

ஆணை வந்துவிட்டது என்பதால் விடுதலை வந்துவிடவில்லை. கரோலைனாவுடன் மோதல் மூள்வதை விரும்பாத ஆளுநர்கள் சில நேரங்களில் தப்பி வந்தோரைத் திருப்பி அனுப்பவும் செய்தனர். 1702இல் கரோலைனாவின் ஆளுநர் ஜேம்ஸ் மூர் செயின்ட் அகஸ்டினை முற்றுகையிட்டு, கற்கோட்டையைப் பிடிக்க முடியாமல் ஊரை மட்டும் எரித்துவிட்டுத் திரும்பினார். இரண்டாண்டுகள் கழித்து மேற்கே அப்பலாச்சி நாட்டிலிருந்த ஸ்பானிய மிஷன்களையும் அவருடைய படை அழித்தது. இவ்வாறு ஃபுளோரிடாவைச் சுற்றியிருந்த பூர்வகுடிகளின் கிறித்தவ ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்ததால், நகரைக் காக்கும் வெளிவளையம் அறுந்துபோனது. அந்த இடத்தை நிரப்ப ஆட்கள் தேவைப்பட்டனர்.

1715இல் யமாசி என்ற பூர்வகுடியினர் கரோலைனாவின் வணிகர்களுடைய கொடுமைகளைப் பொறுக்காமல் கிளர்ந்தெழுந்து, அக்குடியேற்றத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுசென்றனர். தோட்டங்களிலிருந்து தப்பிய ஆப்பிரிக்கர்கள் சிலர் அவர்களோடு சேர்ந்து போரிட்டனர். அவர்களுள் ஒருவர் மேற்கு ஆப்பிரிக்க மண்டிங்கா இனத்தைச் சேர்ந்தவர். பின்னாளில் ஃபிரான்சிஸ்கோ மெனெண்டெஸ் என்ற பெயரால் அறியப்பட்டவர். பல ஆண்டுகள் யமாசியரோடு இருந்துவிட்டு 1720களில் அவர் செயின்ட் அகஸ்டினை அடைந்தபோது, யமாசித் தலைவர்களுள் ஒருவர் அவரையும் அவருடைய தோழர்களையும் ஸ்பானியர்களுக்கு விற்றுவிட்டார். விடுதலையை நாடி வந்தவர் அரசாணை நடைமுறையிலிருந்த நகரிலேயே மீண்டும் அடிமையானார்.

எனினும் 1726இல் அந்த அடிமை மனிதரே கறுப்பினத் துணைப்படையின் தலைவராக நியமிக்கப்பட்டார். 1728இல் கர்னல் ஜான் பால்மர் தலைமையில் கரோலைனாப் படை செயின்ட் அகஸ்டின் மீது பாய்ந்தபோது இத்துணைப்படை நகரைக் காத்து நின்றது. ஆயினும் அடுத்த ஆண்டே, இழப்பீடு கேட்டு வந்த கரோலைனாக்காரர்களின் வாயை அடைக்கக் கருவூலத்தில் பணமில்லாததால், ஆளுநர் அந்தோனியோ தே பெனவிதெஸ் தப்பி வந்தோர் சிலரைப் பொது ஏலத்தில் விற்றார். வாங்கியவர்கள் நகரத்துப் படை அதிகாரிகளும் செல்வாக்குள்ள குடும்பத்தாரும் ஆவர். 1733இல் மாட்ரிட்டிலிருந்து வந்த புதிய ஆணைகள், இனி ஆங்கிலேயருக்கு இழப்பீடு தரலாகாது என்றும், தப்பி வந்தோரைத் தனியாருக்கு விற்கலாகாது என்றும் தடுத்து, கறுப்பினத் துணைப்படையின் வீரத்தையும் பாராட்டின; ஆனால் முழு விடுதலைக்கு முன் நான்கு ஆண்டுகள் அரசுப்பணி செய்யவேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தன.

மெனெண்டெஸ் ஆளுநர்களுக்கும் ஆயருக்கும் மனு கொடுத்தபடியே இருந்தார். 1737இல் மொந்தியானோ ஆளுநராக வந்ததும், அநியாயமாக அடிமைப்படுத்தப்பட்ட 31 பேரின் பெயர்களோடு மீண்டும் ஒரு மனு சமர்ப்பிக்கப்பட்டது. மெனெண்டெஸும் தோழர்களும் யமாசியரோடு தோளோடு தோள் நின்று போரிட்டதையும், பின்னர் வஞ்சகமாக விற்கப்பட்டதையும் யமாசித் தலைவர் ஹோர்ஹே சான்று கூறினார். ஆவணங்களைப் பரிசீலித்த மொந்தியானோ, அடிமைகளைப் பணம் கொடுத்து வாங்கியிருந்த முதலாளிகளின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல், 1738 மார்ச் மாதத்தில் அவர்கள் அனைவரையும் நிபந்தனையின்றி விடுவித்தார். முதல் படகு கரையேறியதற்கும் இந்த ஆணைக்கும் இடையே அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

ஊரும் மக்களும்

மோசேயின் முதல் கோட்டையைப் பற்றி நுட்பமாக எழுதியவர்கள் அதைக் கைப்பற்ற வந்த ஆங்கிலேயர்களே. நாற்கோணமாக எழுப்பப்பட்ட மண்மதில், நான்கு மூலைகளிலும் வெளிநோக்கி நீண்ட காவல் முனைகள், சுற்றிலும் அகழி, அகழியின் ஓரம் நெடுக வேலியாக நடப்பட்ட முள் நிறைந்த பனையினச் செடிகள், உள்ளே ஒரு கிணறு, ஒரு வீடு, தொலைவில் வருவோரைக் கண்காணிக்க ஒரு காவல்மேடை என்று அவர்கள் விவரித்துள்ளனர். குடும்பங்கள் கோட்டைக்கு வெளியே ஓலை வேய்ந்த குடிசைகளில் வாழ்ந்தன. 38 குடும்பங்கள் சுற்றுநிலத்தைத் திருத்திப் பயிரிட்டன. முதல் அறுவடை வரும்வரை அரசு உணவுப் பொருள்களை வழங்கியது. மெனெண்டெஸ் ஊர்த்தலைவராகவும் படைத்தலைவராகவும் விளங்க, ஒரு ஸ்பானிய அதிகாரியும் குருத்துவப் பயிற்சி மாணவர் ஒருவரும் அங்கு அனுப்பப்பட்டனர்.

செயின்ட் அகஸ்டினின் பங்குக் கோயிலில் எழுதிவைக்கப்பட்ட திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் அம்மக்களின் பூர்வீகத்தைக் காட்டுகின்றன. மண்டிங்கா, காங்கோ, கரபாலி, மினா எனப் பல ஆப்பிரிக்க இனத்தவர் அங்கு ஒன்றாக வாழ்ந்தனர்; பூர்வகுடிப் பெண்களையும் நகரத்தில் அடிமைகளாக இருந்தவர்களையும் மணந்தனர்; ஒருவர் குழந்தைக்கு மற்றவர் ஞானப்பெற்றோராக நின்றனர். மொழியாலும் பிறப்பிடத்தாலும் வேறுபட்டிருந்தவர்களை இந்த ஞானஉறவு ஒரு சமூகமாகப் பிணைத்தது. நகரில் அடிமைகளாக இருந்த உறவினரோடும் அவர்களுக்குத் தொடர்பு அறாமல் காத்தது.

அரசு இவ்வூரை நகரின் வடக்கு வாயிலில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. ஆங்கிலப் படை தரைவழியாக வந்தால் முதலில் எதிர்ப்படுவது மோசே. ஆங்கிலேயரிடம் மீண்டும் சிக்கினால் தமக்கு என்ன நேரும் என்பதை அறிந்த மக்களைவிட உறுதியான காவலர்கள் வேறு எங்கும் கிடைக்கமாட்டார்கள் என்பதை ஆளுநர் உணர்ந்திருந்தார். குடியேறியோரும் ஸ்பானிய அரசுக்காகவும் சமயத்திற்காகவும் கடைசித் துளி இரத்தம் சிந்தவும், ஆங்கிலேயருக்கு மிகக் கொடிய பகைவர்களாக இருக்கவும் உறுதி கூறியிருந்தனர்.

வடக்கே எழுந்த அச்சம்

மோசே அமைந்த செய்தி வடக்கே எட்டியதும் விளைவுகள் விரைந்து தோன்றின. 1738 நவம்பரில் கரோலைனாவின் போர்ட் ராயல் பகுதியிலிருந்து 23 பேர் படகில் தப்பி வந்தனர். அவர்களுள் 19 பேர் கேலெப் டேவிஸ் என்ற கப்பல் தலைவரின் அடிமைகள். அவரே நேரில் செயின்ட் அகஸ்டினுக்கு வந்து அவர்களைக் கேட்டும், வெறுங்கையுடன் திரும்பவேண்டியதாயிற்று.

1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, சார்லஸ் டவுனுக்குத் தென்மேற்கே ஸ்டோனோ ஆற்றங்கரையில் சுமார் 20 அடிமைகள் ஒன்றுகூடி, ஒரு கடையை உடைத்துத் துப்பாக்கிகளைக் கைப்பற்றி, முரசு கொட்டித் தெற்கு நோக்கி நடந்தனர். ஜெம்மி என்பவர் தலைமையேற்றார். வழியில் மேலும் பலர் சேர்ந்தனர், தோட்டங்கள் எரிந்தன, 20க்கும் மேற்பட்ட வெள்ளையர் கொல்லப்பட்டனர். அவர்கள் சென்ற திசை செயின்ட் அகஸ்டின் என்பதில் அக்காலத்தவருக்கே ஐயமில்லை. கிளர்ந்தோருள் பலர் காங்கோ அரசுப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்றும், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கத்தோலிக்கம் வேரூன்றிய நாட்டினரான அவர்களுக்கு ஸ்பானியரின் சமயம் அந்நியமாக இருந்திருக்காது என்றும் வரலாற்றாசிரியர் ஜான் தார்ன்டன் வாதிட்டுள்ளார். அன்று மாலைக்குள் வெள்ளையர் படை அவர்களைச் சுற்றிவளைத்துப் பெரும்பாலோரைக் கொன்றது.

கரோலைனாவின் சட்டமன்றம் இதற்குப் பதிலாக இரு வழிகளைக் கையாண்டது. சவானா ஆற்றுக்கு அப்பால் தப்பியோரைப் பிடித்துக்கொண்டு வருவோருக்கு வெகுமதி அறிவித்தது. உயிரோடு பிடித்த ஆணுக்கு 40 பவுண்டு, பெண்ணுக்கு 25 பவுண்டு எனவும், கொன்று இரு காதுகளோடு உச்சித்தோலைக் கொண்டுவந்தால் 20 பவுண்டு எனவும் விலை வகுத்தது. அடுத்ததாக, 1740இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் அடிமைகள் கூட்டம் கூடுவதையும், முரசு வைத்திருப்பதையும், அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையும் தடைசெய்தது. எல்லைக்கு அப்பால் விடுதலை பெற்ற நூறு பேர் வாழ்ந்ததன் விலையை எல்லைக்கு இப்பால் இருந்த பல்லாயிரம் பேர் செலுத்தினர்.

இவ்விரு நிலங்களுக்கும் நடுவே ஜேம்ஸ் ஓகிள்தோர்ப் 1733இல் நிறுவிய ஜார்ஜியா குடியேற்றம் வேறொரு விடையை முயன்று பார்த்தது. அங்கு அடிமைகளைக் கொண்டுவருவதே 1735இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. குடியேற்றத்தை மேலும் காப்புடையதாக ஆக்குவதற்கென்றே இச்சட்டம் இயற்றப்படுவதாக அதன் தலைப்பு அறிவித்தது. ஸ்பானியர் அருகிலிருக்கும்வரை அடிமைகள் ஓடுவார்கள் அல்லது எழுவார்கள் என்பதே அதன் பின்னாலிருந்த கணக்கு. ஜார்ஜியாவின் தென்முனையிலிருந்த டேரியன் என்ற ஊரில் குடியேறிய ஸ்காட்லாந்து மலைநாட்டினர் 18 பேர், 1739 ஜனவரியில் அடிமைமுறையை அனுமதிக்கவேண்டாம் என்று கையெழுத்திட்டு மனு கொடுத்தபோது, ஸ்பானிய அண்மையைத் தம் முதல் காரணங்களுள் ஒன்றாக வைத்தனர். ஓர் இனத்தவரையும் அவர்களுடைய வழித்தோன்றல்களையும் என்றென்றும் அடிமைகளாக வைத்திருப்பது மனித இயல்புக்கே அதிர்ச்சி தருவது என்ற கருத்தையும் அதில் சேர்த்தனர். அடுத்த ஆண்டு மோசேயின் மண்மதிலுக்குள் மடிந்தவர்களுள் இதே டேரியன் ஊரினர் பலர் இருந்தனர்.

1740: மோசேயின் போர்

1739 அக்டோபரில் பிரிட்டன் ஸ்பெயின் மீது போர் அறிவித்தது. வணிகப் பூசல்களிலிருந்து பிறந்த இப்போர், ஸ்பானியரால் காது அறுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட ஒரு கப்பல் தலைவரின் பெயரால் ஜென்கின்ஸ் காதுப் போர் என வழங்குகிறது. 1740 தொடக்கத்தில் செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரையிலிருந்த இரு ஸ்பானியக் காவல்நிலைகளைக் கைப்பற்றிய ஓகிள்தோர்ப், கோடையில் செயின்ட் அகஸ்டினை முற்றுகையிட்டார். மொந்தியானோ மோசேயின் மக்களை நகருக்குள் வரவழைத்துவிட்டார். காலியான கோட்டையில் பால்மரின் தலைமையில் சுமார் 140 பேர் கொண்ட படை தங்கியது. மதில்கள் ஏற்கெனவே ஓகிள்தோர்ப்பின் ஆணையால் பல இடங்களில் உடைக்கப்பட்டிருந்தன. 1728இல் செயின்ட் அகஸ்டினைத் தாக்கி, இதே கறுப்பினத் துணைப்படையை எதிர்கொண்ட பால்மர், இம்முறை அவர்களுடைய சொந்த ஊரிலேயே பாசறை அமைத்திருந்தார்.

ஆங்கில நாள்காட்டியின்படி ஜூன் 15, ஸ்பானிய நாள்காட்டியின்படி ஜூன் 26, விடிவதற்கு முன் சுமார் 300 பேர் அடங்கிய ஸ்பானியப் படை கோட்டைக்குள் புகுந்தது. ஸ்பானிய வீரர்களும் பூர்வகுடியினரும் மெனெண்டெஸின் துணைப்படையினரும் அதில் இருந்தனர். ஒவ்வொரு வரப்பையும் வாய்க்காலையும் அறிந்தவர்களுக்கு இருட்டு ஒரு தடையாகவே இல்லை. கைகலப்பாக நடந்த அப்போரில் பால்மர் உட்பட ஏறத்தாழ எழுபது பேர் கொல்லப்பட்டனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். டேரியன் ஊரினரின் தலைவர் ஜான் மோர் மெக்கின்டாஷும் அவர்களுள் ஒருவர். நகரிலிருந்த கற்கோட்டையின் கொக்கினாச் சுவர்களும் பீரங்கிக் குண்டுகளை உடையாமல் உள்வாங்கிக்கொண்டன. மோசேயின் தோல்வியால் படையின் ஊக்கம் குன்ற, ஜூலையில் ஓகிள்தோர்ப் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

போருக்குப் பின்

அவ்வாண்டின் இறுதியில் மெனெண்டெஸ் தம் கைப்பட மன்னருக்கு இரு மனுக்கள் எழுதி, தம் சேவைக்கு ஏற்ற ஊதியத்தையும் பதவியையும் கேட்டார். அது கிட்டாத நிலையில், எதிரிக் கப்பல்களைப் பிடிக்க அரசு அனுமதி பெற்ற ஒரு தனியார் போர்க்கப்பலில் சேர்ந்தார். 1741இல் ஆங்கிலக் கப்பலொன்று அவரைச் சிறைபிடித்தது. மோசேயில் போரிட்டவர் என்று அறிந்ததும் கப்பலோர் அவருக்கு 200 சவுக்கடி கொடுத்தனர். பின்னர் பஹாமாஸில் இருந்த கடற்படை நீதிமன்றம் அவரை அடிமையாக விற்க அனுமதித்தது. ஸ்பெயினின் படைத்தலைவர் என்ற பதவியும், கைவசமிருந்த விடுதலை ஆணையும் எல்லை தாண்டியவுடன் செல்லாக்காசாயின. எனினும் 1750களில் அவர் மீண்டும் மோசேயின் தலைவராக இருந்தார் என்பதை ஸ்பானிய ஆவணங்கள் உறுதிசெய்கின்றன.

போரில் அழிந்த ஊரை 1752இல் ஆளுநர் ஃபுல்ஹென்சியோ கார்சியா தே சோலிஸ் மீண்டும் எழுப்ப முயன்றபோது, பத்தாண்டுகளுக்கு மேல் நகரத்திற்குள் வாழ்ந்து பழகிய மக்கள் ஆபத்தான எல்லைக்குத் திரும்ப மறுத்தனர். மறுப்பில் முன்னின்றவர்களை ஆளுநர் தண்டித்தே அவர்களைக் குடியமர்த்த வேண்டியிருந்தது. தாம் விடுதலை பெற்ற குடிகளா, எல்லையில் நிறுத்தப்பட்ட காவலாட்களா என்ற கேள்வி அம்மறுப்பில் அடங்கியிருந்தது. 1759இல் எடுக்கப்பட்ட குடிக்கணக்கு, 22 ஓலைக் குடிசைகளில் 37 ஆண்கள், 15 பெண்கள், 7 சிறுவர்கள், 8 சிறுமிகள் என 67 பேர் வாழ்ந்ததாகப் பதிவுசெய்துள்ளது. ஆண்களின் எண்ணிக்கை பெண்களைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது, தப்பி வரும் வழியின் கடுமையைக் காட்டுகிறது.

1763இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின்படி, ஆங்கிலேயர் பிடித்திருந்த ஹவானாவைத் திரும்பப் பெறும்பொருட்டு ஸ்பெயின் ஃபுளோரிடாவைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. போர்க்களத்தில் இழக்காத ஊரை மோசேயின் மக்கள் பேச்சுவார்த்தை மேசையில் இழந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் தங்குவது மீண்டும் அடிமையாவதற்குச் சமம் என்பதால், அவர்கள் மற்ற ஸ்பானியக் குடிகளோடு கியூபாவுக்குக் கப்பலேறினர். அங்கு மத்தான்சாஸ் பகுதியில் காடழித்து உருவாக்கவேண்டிய புதிய நிலமும், கருவிகளும், சிறு மானியமும் வழங்கப்பட்டன. அத்தோடு, ஊர்த்தலைவர்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாகக் கொண்டுவரப்பட்ட ஓர் அடிமையும் அளிக்கப்பட்டார். அடைக்கலம் கொடுத்த அரசு அடிமைமுறையை எப்படி மதிப்பிட்டது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

1783இல் ஃபுளோரிடா மீண்டும் ஸ்பெயினிடம் வந்தபோது பழைய அடைக்கல வழக்கமும் உயிர்பெற்றது. ஆனால் இப்போது வடக்கே இருந்தது புதிதாக விடுதலை பெற்ற அமெரிக்கக் குடியரசு. அதன் வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சனின் அழுத்தத்திற்கு இணங்கி, 1790இல் ஸ்பெயின் அந்த வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. கோட்டையின் எச்சத்தை 1812இல், அமெரிக்க ஊடுருவல் படையினர் அங்குப் பதுங்கியபோது ஸ்பானியர்களே அழித்தனர். அதன்பின் சதுப்பு நிலம் அவ்விடத்தை விழுங்கியது. 1980களில் தொல்லியலாளர் கேத்லீன் டீகனும் வரலாற்றாசிரியர் ஜேன் லேண்டர்ஸும் மேற்கொண்ட ஆய்வுகளில்தான் அகழியின் தடமும், எலும்புப் பொத்தான்களும், செபமாலை மணிகளும், கையால் வார்க்கப்பட்ட புனித கிறிஸ்டோபர் வெள்ளிப் பதக்கமும் வெளிப்பட்டன. பயணிகளின் காவலராகப் போற்றப்படுபவர் அப்புனிதர். 1994இல் அமெரிக்க அரசு மோசேயைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

மோசேயின் அடைக்கலம் எல்லைப் பூசல் நீடித்தவரை நீடித்தது. எல்லை இடம்பெயர்ந்தபோது ஊர் கலைந்தது. இரு அரசுகள் சமரசம் செய்துகொண்டபோது உரிமையும் மறைந்தது. பகைவரைப் பலவீனப்படுத்த அளிக்கப்படும் விடுதலை, பகை தீர்ந்ததும் பேரம் பேசப்படும் பொருளாகிவிடும் என்பதையே இந்த வரலாறு நிறுவுகிறது. ஆனால் அரசரின் கணக்கு மட்டுமே அவ்வூரை உருவாக்கியதாகச் சொல்வதும் சரியாகாது. 1693இன் ஆணை 45 ஆண்டுகள் முழுமையாக நிறைவேறாமல் கிடந்தது. ஏலத்தில் விற்கப்பட்ட பின்னும் மனு எழுதியவர்களும், சான்று சொன்னவர்களும், துப்பாக்கியேந்தி நின்றவர்களும்தான் அதைச் சட்டமாக்கினர். மோசேயை உருவாக்கிய பெருமை ஸ்பானிய அரியணைக்கு உரியதைவிட, சதுப்புகளைக் கடந்து தெற்கே வந்து சேர்ந்த அந்த மக்களுக்கே பெரிதும் உரியது.